குழாய் சில்லென்றுதான் இருந்தது

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், மேகத்தில் ஐஸ் உண்டாக்குகிறாள் என்பேன். நிஜ மேகமில்லை, கணினிக்குள் கணக்காக ஓடும் மேகம். துருவத்து மேகங்களில் தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து இருபது டிகிரி போனாலும் உறையாமல் அழிச்சாட்டியம் பண்ணுமாம். ஒட்டிக்கொள்ள ஒரு தூசி கிடைத்தால்தான் கட்டியாகுமாம். இவர்களுடைய பழைய கணக்கு அவசரப்பட்டு அதை உறைய வைத்துவிடுகிறது. உறைந்தால் பனியாக உதிர்ந்து மேகம் மெலியும். கீழே கடல் எவ்வளவு சூடாகும் என்ற கணக்கும் கோணலாகிவிடும். அதைத் திருத்தத்தான் மூன்று வருடமாக மாரடித்தாள்.

தூசியை யார் எண்ணினார்கள் என்று கேட்டேன். சில இடங்களில் விமானத்தில் போய் அளந்தார்கள், மீதி உத்தேசம்தான் என்றாள். உத்தேசத்துக்கா இவ்வளவு மின்சாரம் என்றேன்.

"நீங்க மட்டும் என்ன மாமா, குழாயைத் தொட்டுப் பாத்துட்டுத்தானே குளிர் சரியா இருக்குன்னு எழுதறீங்க?" என்று சிரித்தாள்.

நிஜம்தான். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். நாற்பது வருடம் ஏசி இயந்திரங்களோடு கிடந்தவன். அளவுகாட்டி பொய் சொல்லும், கை சொல்லாது என்பது என் கட்சி. மகன் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சும்மா கிடந்த என்னை, அவள்தான் தன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரிடம் சொல்லி, அங்கே கணினிக்கூடத்திலேயே ஏசி பார்க்க வைத்தாள்.

அவளுடைய கணக்கு இருபத்தாறு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. முடிய இரண்டே நாள். அதற்குள் முடியாவிட்டால் கணினி வேறு ஆட்களுக்குப் போய்விடும். மறுபடி அவள் முறை வர எட்டு மாதம். அவளுடைய ஒப்பந்தமோ நான்கு மாதத்தில் தீர்கிறது. முடிந்த கணக்கைக் காட்டினால்தான் நீட்டிப்பார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு இயந்திர அறையில் எச்சரிக்கை மணி அலறியது. கூடம் சூடாகிறது என்று திரையில் சிவப்பு எழுத்து. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் வெறும் கூச்சல். குழாயைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிப்பு. இதற்கு மேல் என்ன குளிர் வேண்டும்? பக்கத்திலேயே இருந்த கணினிக்கூடத்தின் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், மணியை அமுக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கூடத்தில் இரைச்சலே இல்லை. கணினிகள் சூடு தாங்காமல் தாமாகவே நின்றிருந்தன. ஏசியின் மூடியைக் கழற்றினேன். நான் போன மாதமே கழுவியிருக்க வேண்டிய வடிகட்டியில் அடை அடையாகத் தூசி. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே குழாய்ச் சுருள் முழுக்க வெள்ளைப் பாறையாக உறைந்துகிடந்தது. குளிரெல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கூடத்துக்குக் கொஞ்சமும் போகவில்லை. நாற்பது வருடம் செய்தவனுக்கு இது தெரியாதா என்பீர்கள். தெரியும். அடுத்தவன் செய்திருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

கூடத்தைச் சோதித்துத் திறக்க ஆறு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் அவள் முறை முடிந்துவிடும். திறந்தபிறகு இரண்டு நாள் மட்டும் கொடுங்கள் என்று தலைவரிடம் கேட்டாள். வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கையை விரித்தார். என்ன நடந்தது என்று என்னையும் கேட்டார். இயந்திரம் பழசு என்றேன். அதுவும் பொய்யில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

நான்கு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், மணியை அமுக்கியது நான்தான் என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"தெரியும் மாமா. எத்தனை மணிக்கு அமுக்கினீங்கன்னு பதிவாகியிருக்கு. அன்னைக்கே பாத்துட்டேன்."

தலைவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேலையும் போகும். என்னோடது எப்படியும் போகுது. வீட்டுல ஒருத்தராவது வேலைக்குப் போக வேணாமா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. இப்போது தினமும் காலையில் நான் கிளம்புகிறேன். அவள் வந்து கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள்.