மாமாவுக்கு மூன்று பொய்

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வெளியே கசிகிறது என்று தெரிந்தால், ஆளுக்கொரு பிரதியில் ஆளுக்கொரு பொய்யை நுழைத்துவிடுவோம். எந்தப் பொய் வெளியே வருகிறதோ, அந்தப் பிரதிக்காரர்தான் திருடர்.

இந்த முறை வலை விரித்தவள் நான். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைத் தொகுக்கிறோம். அச்சேறும் முன்பே அவை போட்டிப் பதிப்பகத்தின் வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. எனக்குச் சந்தேகமே இல்லை, என் தங்கை வீட்டுக்காரர்தான். நானே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மனுஷன். நான் பக்கத்தில் போனால் காகிதத்தைக் கவிழ்த்து வைப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் டிராயரைப் பூட்டுவார். ஒரு மாதமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "யாரா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க சார்" என்று முதலாளியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

'மாமா'வை எடுத்தேன். நமக்கு அம்மாவின் கூடப்பிறந்தவர். சுவாகிலியில் அம்மாவே. ஜார்ஜிய மொழியில் அப்பா. பச்சைக்குழந்தை உதட்டை ஒட்டிப் பிரித்தால் வருகிற சத்தம். அவரவர் வீட்டில் அவரவருக்குத் தோன்றிய ஆளுக்குச் சூட்டிக்கொண்டார்கள். அந்த ஜார்ஜிய 'அப்பா'வை தங்கை வீட்டுக்காரர் பிரதியில் 'தாத்தா' ஆக்கினேன், தட்டச்சு செய்யும் பெண்ணின் பிரதியில் 'சித்தப்பா', என்னுடையதில் 'மாமனார்'. எனக்கு எதற்கு என்று கேட்கலாம். வழக்கம் என்றால் எல்லாருக்கும்தானே. எந்தப் பொய் யாருக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. 'மாமனார்' என்று போட்டிருந்தது.

என் பிரதி ஒரு நாள்கூட அலுவலகத்தில் இருந்ததில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் கிடந்தது. அந்த வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். "பொழுதே போகலை, கொஞ்சம் புரட்டிப் பாக்கட்டுமா" என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலாளி என்னையும் தங்கை வீட்டுக்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார். "யாருன்னு தெரிஞ்சுதாம்மா? தெரியலைன்னா, மூலப்பிரதி வெச்சிருக்கிற அலமாரி சாவி இவர்கிட்டதான் இருக்கு. இவரை வேலையை விட்டு நிறுத்திடறேன்."

தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நான் எடுக்கலை சார். அக்காவையே கேளுங்க. என்மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் பொய் சொல்ல மாட்டாங்க."

பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தெரியலை சார்" என்றேன்.