அந்த ஆம்பளைக் குரல்

ராய்ஸின் இடது கையிலிருந்து டிரம் குச்சி மறுபடியும் நழுவி விழுந்தது. கிளெனிஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருமே உடைந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்துத் துறைமுகத் தொழிலாளர் கிளப். இன்னும் சற்று நேரத்தில் பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். எண்பதுகளில் 'டின் அலாட்மெண்ட்' என்று சொன்னால் அந்த ஊரிலேயே முக்கால்வாசிப் பேர் எவன் அது என்பார்கள். பங்க் ராக் இசை அலை ஓய்ந்த கையோடு கிளம்பிய எத்தனையோ இசைக்குழுக்களில் ஒன்று. அதில் மிச்சம் இந்த இரண்டு பேர்தான். பேஸ் கிட்டாரும் பாட்டும் அவள், டிரம் அவன். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுடைய இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவர்களுடைய பாட்டோ, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிற பாட்டு.

"நான் வீட்டுக்குப் போறேன், கிளென். நீ மட்டும் பாடு. ஊரக் கூட்டி வச்சு அசிங்கப்பட என்னால முடியாது."

"போடா. உன்ன விட்டுட்டுப் பாடுறதுன்னா எப்பவோ பாடியிருப்பேன்."

அவர்கள் போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு எல்லாமே சொந்தக் கைவேலைதான்: சமையலறையில் உட்கார்ந்து உறையை மடித்து ஒட்டினார்கள், லேபிளில் ரப்பர் முத்திரை குத்தினார்கள். குத்தியவன் ராய்ஸ். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று இருக்க வேண்டியதை முப்பத்து மூன்று என்று குத்தித் தொலைத்தான். வானொலியில் அந்த வேகத்திலேயே ஒரே தடவை போட்டார்கள், இழவு வீட்டில் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்து. அதோடு சரி. பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவன் என்று அவளும் நாற்பது வருஷமாக அவனைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த டெல்லா தேநீரோடு வந்தாள்.

"வெளிய நின்னு கேட்டேன். ஏன் இப்படி பஸ்ஸப் புடிக்க ஓடுற மாதிரி வாசிக்கிறீங்க? ஆமா, அந்த ஆம்பள இன்னும் வரலையா?"

"எந்த ஆம்பள?"

"பாட்டுல பாடினாரே, அவருதான். எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரில கெடந்தப்போ அந்தக் கொரலக் கேட்டாத்தான் தூங்குவாரு."

கிளெனிஸுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது.

"அந்த ஆம்பள நான்தாம்மா. தட்ட மெதுவா ஓட்டினா பொம்பளக் கொரலும் ஆம்பளக் கொரலாயிடும். எல்லாம் இந்தக் கழுத குத்தின முத்திர."

டெல்லா வாயைப் பிளந்தாள். "தட்டு வாங்கின நாங்க எல்லாருமே லேபிள்ல போட்டிருந்த மாதிரிதானே ஓட்டினோம். இப்ப வரப்போற அத்தன பேருக்கும் அதுதான் பாட்டு!"

ராய்ஸ் குச்சியை விரலுக்குள் மெல்லத் திருப்பிப் பார்த்தான். "அந்த வேகம்னா," என்றான், "கை எட்டும்."

கூடம் பாதிதான் நிறைந்தது. அதுவே அவர்கள் வாழ்நாளில் கண்ட பெரிய கூட்டம். கிளெனிஸ் அடித்தொண்டையில் ஆரம்பித்தாள். குரல் எப்போதோ வயதோடு கீழே இறங்கிவிட்டிருந்தது. இரண்டாவது வரியில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. உனக்குக் கோடி புண்ணியம்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். ராய்ஸின் இடது கை அவசரமே இல்லாமல் மேலே போனது. கூடத்திலிருந்த தலைகளெல்லாம் அதோடு நிமிர்ந்தன, காத்திருந்தன, அது இறங்கியபோது ஒன்றாக இறங்கின.