வருஷத்துப் புதுக் கருவிக்கு ஒரு முழு பாட்டில்

வலி முதலில் விழித்துக்கொள்ளும். எர்மெலிந்தா அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பாள். வலது கழுத்தடியில் தொடங்கி முழங்கை வரை ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு வலி. பன்னிரண்டு வயதில் எல் ஆல்தோ நகரத்தின் கட்டிட வேலைகளில் செங்கல் சுமந்த தோள் அது. அதன்பின் இருபத்திரண்டு வருஷம் இரண்டு கேமராவும் ஃப்ளாஷும் சுமந்தது. செங்கலானால் என்ன, கேமராவானால் என்ன, தோளுக்குச் சுமை சுமைதான். இப்போது அந்தக் கை காதுக்கு மேலே எழும்ப மறுத்தது. தலை சீவ இடது கையைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

எலும்பு வைத்தியர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் கையைச் சும்மா தொங்கப் போடும்மா" என்றார்.

"கையைத் தொங்கப் போட்டா வயித்தையும் தொங்கப் போடணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. பழைய கேமரா இரண்டையும், துப்பாக்கிக் குழல் மாதிரி இருந்த நீள லென்ஸையும் விற்றாள். அந்தக் காசுக்குப் புது மாதிரிக் கேமரா ஒன்று வந்தது. பழசில் இருந்த பிரதிபலிக்கும் கண்ணாடி இதன் உள்ளே கிடையாது, உள்ளங்கை அகலம்தான். வாங்கி வரும் வழியிலேயே காய்கறிக்காரியின் தராசில் வைத்தாள். லென்ஸோடு சேர்த்து அறுநூறு கிராம். காய்கறிக்காரி எட்டிப் பார்த்து, "நாலு வெங்காயம்" என்றாள். தெருவில் நின்றபடி எர்மெலிந்தா அதைக் கண்ணுக்கு உயர்த்தினாள். கை நடுங்காமல் போய் நின்றது. இன்னும் பத்து வருஷம் வேலை செய்யலாம் என்று அன்று அவளுக்குத் தோன்றியது.

கார்னிவல் திருவிழாவின் கடைசிச் செவ்வாய்க்கிழமை பூமித்தாய்க்கு உரியது. அன்று வீடு, கடை, லாரி, தையல் மெஷின் என்று சோறு போடும் எல்லாவற்றுக்கும் காகித மாலை சுற்றி, பூவிதழும் வண்ணக் காகிதத் துணுக்கும் தூவி, பியர் தெளிப்பார்கள். முதல் வாய் பூமித்தாய்க்கு, மிச்சம் மனிதருக்கு. எர்மெலிந்தா இருந்த விழாப் படக்காரர் சங்கத்தில் பதினொரு பேர். அவர்களுக்கு அன்று இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த வருஷம் வாங்கிய புதுக் கருவிகளைக் கொண்டுவந்து ஒரே மேசையில் வைப்பார்கள். அவரவர் தன் பொருளைப் பற்றிப் பேசவேண்டும். பேசி முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி வண்ணத் துணுக்கு எடுத்துத் தமக்குப் பிடித்த கருவியின் மேல் போடுவார்கள். அதிகம் மூடப்பட்ட கருவிதான் அந்த வருஷத்துக் கருவி. மற்றதுக்கெல்லாம் நாலு சொட்டு பியர். அதற்கு மட்டும் ஒரு முழு பாட்டில்.

இந்த வருஷம் மேசை இலாரியோன் வீட்டு முற்றத்தில் போடப்பட்டிருந்தது. இலாரியோனுக்கு ஐம்பத்தெட்டு வயது, பெரிய உடம்பு. முப்பது வருஷமாக ஊர்வலங்களில் ஆட்டக்காரருக்கு முன்னால் பின்நடையாக நடந்து படம் எடுத்தவர். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசாதவர்.

முதலில் வால்தெர் தன் பறக்கும் கேமராவை வைத்தான்.

"போன வருஷம் ஒரு கல்யாணத்துல ராக்கெட் பட்டாசு பட்டு கோழிக்கூண்டுல விழுந்துச்சே, அதுவா?" என்று ஃபவுஸ்தா கேட்டாள். அவள் வீடியோ எடுப்பவள். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணை தோனா என்றும் ஆணை தோன் என்றும் அழைப்பார்கள்.

"அது செத்துப்போச்சு தோனா ஃபவுஸ்தா. இது அதோட தம்பி. பட்டாசைப் பாத்தா தானா விலகிடும்."

"நம்ம ஊர் மாப்பிள்ளைங்களுக்கும் பாட்டிலைப் பாத்தா தானா விலகற மாதிரி ஒண்ணு வச்சா நல்லாருக்கும்."

ஃபவுஸ்தா வைத்தது ஒரு கைப்பிடி. கேமராவை அதில் மாட்டிவிட்டால் நடக்கும்போது படம் ஆடாது. "ரெண்டு கிளாஸ் போட்டுட்டு எடுத்தாலும் நேரா நிக்குது" என்றாள்.

"கேமராவா, நீங்களா?" என்றான் வால்தெர்.

இலாரியோன் வைத்ததைப் பார்த்ததும் முற்றமே சிரித்தது. தரைக்கு ஓடு பதிப்பவர்கள் முட்டியில் கட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை இரண்டு.

"சிரிங்க. படக்காரனுக்கு மொதல்ல தேயறது லென்ஸா, முட்டியா? லென்ஸுக்கு மூடி இருக்கு. என் முட்டிக்கு முப்பது வருஷமா யாரு மூடி போட்டாங்க?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. இரண்டு மூன்று பேர் தங்கள் முட்டியைத் தடவிக்கொண்டார்கள்.

எர்மெலிந்தாவின் கேமரா கைக்குக் கை போனது. சத்தமில்லாமல் படம் எடுத்தது. கூட்டத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து அங்கே கூர்மையாக நின்றது.

"முகமூடி போட்டு ஆடறவன்கிட்ட என்ன பண்ணும்? முகமூடியோட கண்ணைப் புடிக்குமா, உள்ள இருக்கிறவன் கண்ணையா?" என்று கேட்டார் இலாரியோன்.

"எந்தக் கண்ணு காசு குடுக்குதோ அந்தக் கண்ணை" என்றாள் எர்மெலிந்தா.

அதற்குமேல் அவள் கருவியின் பெருமை எதையும் பேசவில்லை. "இதோட எடை அறுநூறு கிராம். பழசு ரெண்டரை கிலோ. பழசை வச்சிருந்தா இந்த வருஷத்தோட நான் நிறுத்தியிருப்பேன். அவ்வளவுதான்" என்றாள். மேசையைச் சுற்றி நின்றவர்களில் தோள் நன்றாயிருந்தவர் யாரும் இல்லை. பதினொரு பிடியில் ஏழு அவள் கேமரா மேல் விழுந்தது.

முழு பாட்டில் பெறும் கருவிக்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். சொந்தக்காரரே ஊற்றிக்கொள்ளக்கூடாது. எர்மெலிந்தா இலாரியோனைக் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து ஒப்புக்கொண்டார். அந்த நொடியிலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே. நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டிய உறவு.

தெளிப்புக்கு முன்னால் எல்லாரும் பேட்டரியைக் கழற்றிவிடவேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவளும் கழற்றி மேலங்கிப் பையில் போட்டாள். பழைய கேமராக்களில் பேட்டரிக் கதவு விட்டால் தானே சட்டென்று மூடிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷம் அதற்குப் பழகிய விரல் கதவை விட்டுவிட்டுப் போய்விட்டது. புதுக் கேமராவின் கதவைத் தள்ளிப் பூட்டவேண்டும். கேமராவை மேசையில் பக்கவாட்டில் படுக்க வைத்தபோதும் அது திறந்தே கிடந்தது. மறுபடி அள்ளித் தூவிய காகிதத் துணுக்கு அதை இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

இலாரியோன் பாட்டிலைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கினார். கஞ்சத்தனம் காட்டினால் பூமித்தாய்க்குப் பிடிக்காது. நுரை பீறிட்டு விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எர்மெலிந்தா துடைக்கலாம் என்று கேமராவைத் தூக்கியபோது அடிப்பக்கத்திலிருந்து பியர் ஒழுகியது. மேலே பட்டு வழிந்ததல்ல, உள்ளே போய்த் திரும்பி வந்தது. அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. தூக்கிய கையின் கட்டைவிரல் அந்தக் கதவைத் தள்ளி மூடியது. அவள் சொல்லி அது மூடவில்லை, அவள் தடுக்கவும் இல்லை.

"கொமாத்ரே, நான்தான் அளவுக்கு மீறி ஊத்திட்டேனா?" இலாரியோனின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

சொல்லவேண்டிய வாக்கியம் அவள் நாக்கில்தான் இருந்தது. "காஞ்சா சரியாயிடும்" என்றாள்.

சரியாகவில்லை. வியாழக்கிழமை பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனாள். அவர் மேசையில் ஏற்கெனவே ஒலிபெருக்கியும் நாலைந்து போனும் ஒரு தையல் மெஷின் மோட்டாரும் காகிதத் துணுக்கு ஒட்டியபடி கிடந்தன.

"தெளிப்பு முடிஞ்ச வாரம் இந்த ஊருக்கே என் மேசைதான் ஆஸ்பத்திரி" என்றவர், கேமராவைத் திறந்து முகர்ந்தார். "பியர்ல இனிப்பு இருக்கு. உள்ள இருக்கிற சர்க்யூட் பலகை அரிச்சுப்போச்சு. வேற பலகை வெளியூர்லேருந்து வரணும். ரெண்டு மாசம் ஆகும். வந்தாலும் பிழைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கார்னிவலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொரெனாடா என்ற முகமூடி ஆட்டத்தை ஆடும் குழுவின் ஊர்வலம். அதை எடுக்க அவளைத்தான் அமர்த்தியிருந்தார்கள். அந்த ஒரு நாளை நன்றாக எடுத்துக் கொடுத்தால் அந்தக் குழுவினர் வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீடு எல்லாம் வருஷம் முழுக்க அவள் கைக்கு வரும். போகாவிட்டால் வேறொருவர் கைக்குப் போகும், பிறகு திரும்பாது. இரவல் கேமரா யார் வேண்டுமானாலும் தருவார்கள். ஆனால் இரவல் எல்லாம் ரெண்டரை கிலோ.

பழுதைக் கேள்விப்பட்டு அன்று மாலை இலாரியோன் அவள் வீட்டுக்கு வந்தார். தோளில் அவருடைய பழைய கேமரா இரண்டும் தொங்கின.

"ஞாயித்துக்கிழமை நான் தூக்கறேன், கொமாத்ரே. நீங்க கூட இருந்து எது வேணும்னு சொல்லுங்க. ஊத்துனவன் நான். ஞானத்தகப்பன் கடமை."

அந்த ஞாயிற்றுக்கிழமை இலாரியோன் ஆடுவதாக இருந்தார். முப்பது வருஷம் மற்றவர் ஆடுவதை எடுத்தவர், இந்த வருஷம்தான் முதல்முறையாக அதே குழுவில் பேர் கொடுத்து, மூன்று மாதம் ஒத்திகைக்குப் போய், வெள்ளி இழைத்த உடுப்பும் முகமூடியும் வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். ஊருக்கே தெரியும்.

"உங்க ஆட்டம்?" என்றாள்.

"உடுப்பு அடுத்த வருஷமும் கிடைக்கும்."

கதவு திறந்திருந்தது என்று சொன்னால் இந்த மனிதர் நிம்மதியாகப் போய் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவளுக்கு ஆளில்லை. சொல்லாவிட்டால் வேலை நிற்கும், அவர் ஆட்டம் போகும். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "தேநீர் குடிச்சிட்டுப் போங்க, கொம்பாத்ரே" என்றாள். செங்கல் சுமந்த காலத்தில், உடைந்த செங்கலைச் சுமையின் நடுவில் மறைத்து எண்ணிக்கைக்குக் காட்டியிருக்கிறாள். மேஸ்திரி பார்க்கவில்லை என்றால் அது முழுச் செங்கல். அப்படித்தான் இதையும் நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த மேஸ்திரி அவளுக்கு யாரோ. இவர் யாரோ அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குப் பித்தளை வாத்தியங்கள் தொடங்கின. ஊர்வலத்தில் படக்காரர் பின்நடையாகவே நடக்கவேண்டும். முன்னால் ஆட்டம், பின்னால் பள்ளமும் கல்லும் பியர்ப் பெட்டியும். அதனால் ஒருவர் எடுக்க, இன்னொருவர் அவர் இடுப்புவாரைப் பின்னாலிருந்து பிடித்து வழிநடத்துவார். எர்மெலிந்தா இலாரியோனின் வாரை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் பள்ளம். ஒரு அடி தள்ளுங்க. இப்ப நில்லுங்க. மூணாவது ஜோடி, அந்தப் பச்சைப் பாவாடை, அவ சுத்தும்போது."

"எடுத்தாச்சு."

"குழுத் தலைவரோட பொண்டாட்டி வராங்க. முகத்தை வெட்டிடாதீங்க, சோறு போடற முகம்."

"அந்த அம்மா முகம் கேமராவுக்குள்ள அடங்கினாத்தானே வெட்டாம இருக்க."

அவள் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

முகமூடி ஆட்டக்காரர் வந்தார்கள். வரிசைக்கு ஆறு பேர், கிலுக்கையைச் சுழற்றி, இருபது கிலோ உடுப்போடு மெதுவாக அசைந்து வந்தார்கள். ஏழாவது வரிசையில் ஐந்து பேர்தான். வலதிலிருந்து இரண்டாவது இடம் காலி. பக்கத்தில் ஆடியவர்கள் அந்த இடத்தை மூடவில்லை. ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு விட்டுவிட்டு, அந்த ஆள் இருப்பதுபோலவே திரும்பினார்கள், குனிந்தார்கள்.

"தோன் இலாரியோன், உங்க முகமூடி எங்கே? மூஞ்சியே போதும்னு விட்டுட்டாங்களா?" என்று ஒருவன் முகமூடிக்குள்ளிருந்து கத்தினான்.

"போதும்தான். உன் மூஞ்சிக்குத்தான் முகமூடி வேணும்" என்று இவரும் பதில் கொடுத்தார்.

ஆனால் அவள் பிடித்திருந்த வாரில் அவர் இடுப்பு தாளத்துக்கு அசைவது தெரிந்தது. இரண்டு கேமராவின் பாரத்தோடு, பின்நடையில், மூன்று மாதம் பழகிய அடி அது. அந்த வரிசையை அவர் ஐந்தாறு முறை எடுத்தார். எடு என்று அவள் சொல்லவேயில்லை.

மூன்று மணிக்கு ஊர்வலம் சதுக்கத்தைத் தாண்டியது. அவள் எண்ணி வைத்திருந்த படம் எல்லாம் கிடைத்துவிட்டது. குழுத் தலைவர் அவள் தோளில், நல்லவேளை இடது தோளில், தட்டிவிட்டுப் போனார். இருவரும் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். எர்மெலிந்தா இரண்டு தட்டில் கம்பியில் கோத்துச் சுட்ட மாட்டு நெஞ்சிறைச்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வாங்கிவந்தாள். இலாரியோன் முட்டியிலிருந்து ரப்பர் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்பாத்ரே, அன்னைக்கு பேட்டரிக் கதவு திறந்திருந்தது."

அவர் நிமிரவில்லை. "எந்தக் கதவு?"

"கேமராவோட கதவு. நான்தான் மூடாம விட்டேன். நீங்க ஊத்துனதுல தப்பில்ல. யாரு ஊத்தியிருந்தாலும் உள்ளதான் போயிருக்கும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தூக்குனப்பவே. கையோட மூடிட்டேன்."

"வியாழக்கிழமை நான் வந்தப்போ?"

"தெரிஞ்சுதான் தேநீர் குடுத்தேன்."

இலாரியோன் ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டு மென்றார். தூரத்தில் வாத்தியம் இன்னொரு தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நாளா நான் சரியா தூங்கல" என்றார்.

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும். என் பொண்டாட்டிக்குத் தெரியும்." உருளைக்கிழங்கின் தோலை உரித்து ஓரமாக வைத்தார். "திட்டணும்னா இப்பத் திட்டலாம். ஆனா வாயில சாப்பாடு இருக்கு."

"திட்டுங்க."

"வேண்டாம். கணக்கை மட்டும் சரியா வச்சுக்குவோம். நான் தப்பு பண்ணியிருந்தா இன்னைக்கு நான் செஞ்சது அபராதம். கட்டினதும் தீர்ந்துபோச்சு. தப்பு என்னுது இல்லன்னா இது அபராதம் இல்ல."

"இல்ல. இது ஐனி" என்றாள் அவள்.

கொடுத்த உழைப்புக்கு அதே உழைப்பைத் திருப்பித் தருவதுதான் அந்த ஊரில் ஐனி. காசு செல்லாது, மன்னிப்பும் செல்லாது. ஒரு நாளுக்கு ஒரு நாள்.

"அடுத்த வருஷம் இதே ஞாயித்துக்கிழமை நான் ஆடுவேன். அன்னைக்கு என்னை எடுக்கணும். என் வரிசை தொடங்குற எடத்துலேருந்து சதுக்கம் வரைக்கும், ஒரு தெரு விடாம" என்றார் இலாரியோன்.

"எடுக்கறேன்."

"உங்க அறுநூறு கிராம் பிழைக்கலன்னா?"

"ரெண்டரை கிலோவோட வருவேன்."

அவர் தலையாட்டினார். தட்டைக் கடைக்காரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கேமராவையும் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டக்குழு போன தெருவின் எதிர்த்திசையில் வீட்டுக்கு நடந்தார்.

எர்மெலிந்தா இலாரியோனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன்பட்டிருக்கிறாள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.