சிவப்புப் புள்ளி

மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மாக்காரி மேசைக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்து வெளியே வைத்துவிட்டாள். ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. பேசாமல் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். எங்கே படுப்பது, நேற்று சாயங்காலத்திலிருந்து வயிறு எரிந்துகொண்டல்லவா இருக்கிறது.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் எது படுத்தாலும் அவள்தான் வைத்தியம் பார்ப்பாள். குழாய் ஒழுகினாலும் சரி, இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும் சரி. இந்தக் கம்ப்யூட்டரையும் பத்து வருஷத்துக்கு முன்னால் பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டினாள். பின்பக்கத்தில் எந்த வயர் எந்த ஓட்டைக்குப் போகும் என்று நகப்பூச்சால் புள்ளி வைத்தாள். ஸ்பீக்கருக்கு நீலம், கீபோர்டுக்கு ஊதா, திரைக்குச் சிவப்பு. இவ்வளவு வசதி செய்துவிட்டு வேறு ஒருத்தரையும் தொட விடவில்லை என்பது வேறு கதை. வீட்டுக்காரர் ஒரு தடவை தூசி தட்டப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அது எப்போது மக்கர் பண்ணினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா தொட்டது யாரு?" அதற்கு ஒழுங்காகப் பதில் வரும்வரை திருப்புளியைக் கையில் எடுக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள் நேற்று வேலை முடிந்து வந்து பார்த்தால் பெட்டிக்குள் புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருக்கிறது. தங்கச்சி வந்துவிட்டுப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் பார்க்கிற தங்கச்சி. மகள் கட்டடக்கலை கடைசி வருஷம். அவள் வரைந்த வீடுகளைப் படமாக மாற்ற அந்தப் பழைய பெட்டி மணிக்கணக்கில் முக்கிக்கொண்டிருந்தது. இப்போது கண் சிமிட்டுவதற்குள் படம் வந்து விழுகிறது.

"பாரும்மா, சித்தி கொண்டு வந்த கார்டு. என்ன வேகம் பாரு."

"ம்" என்றாள் அம்மா. ராத்திரி சாப்பாடு முடிகிறவரை சித்தி அப்படி, சித்தி இப்படி என்று சித்தி புராணம்தான். பெற்றவள் ஒருத்தி எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்ற வேண்டாமா? இத்தனை வருஷமாக "அம்மா, இது ஓட மாட்டேங்குது" என்று ஓடி வந்த பிள்ளை. இனி ஓடி வருகிற பிள்ளை சித்தியிடம் ஓடும். தங்கச்சி ஒரே சாயங்காலத்தில் தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவே அவளுக்குப் பட்டது.

அதனால்தான் இந்தக் காரியம். பெரிய நாசவேலை ஒன்றுமில்லை. கண்ணாடி பிரிக்கிற குட்டித் திருப்புளியால் பெட்டியைத் திறந்து, மெமரிப் பட்டையை நூலளவு தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். மகள் மதியம் வருவாள், பெட்டி எழும்பாது, பதறுவாள். அம்மா போய் ஒரு அழுத்து அழுத்துவாள். "கார்டு வாங்கிக் குடுத்தா ஆச்சா? இந்த வீட்டுல இதைப் பத்தித் தெரிஞ்சது யாரு?" என்று சொல்லக்கூட வேண்டாம், ஒரு பார்வை போதும். இந்தச் சின்னச் சந்தோஷத்துக்காக வயர்களையெல்லாம் பிடுங்கியவள், வேலை முடிந்ததும் புள்ளி பார்த்து மளமளவென்று திரும்பச் சொருகிவிட்டாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கைக்கு வழி தெரியும்.

மகள் இரண்டு மணிக்கு வந்தாள். பாக்கிப் படங்களை முடித்து ஐந்து மணிக்குள் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். ஐந்தடித்தால் கதவு மூடிவிடும், அந்த வருஷமே போச்சு. பட்டனை அழுத்தினாள். பெட்டி மூன்று தடவை கூவியது. திரை கறுப்பு.

"அம்மா" என்றாள் மகள், அழுகிற குரலில்.

அம்மா அடுக்களையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தாள். அப்புறம் நிதானமாக வந்து, "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்றாள். திறந்தாள். ரொம்ப யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெமரியை அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. "இப்பப் போடு."

கூவவில்லை. விசிறி சுற்றியது. திரை மட்டும் அதே கறுப்பு.

அம்மா மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்தினாள். கறுப்பு. இடம் மாற்றிப் போட்டாள். கறுப்பு. மூன்றேகாலுக்கு அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விளையாட்டு வினையாகிவிட்டது, ஆனால் எங்கே ஆனது என்றுதான் பிடிபடவில்லை.

"நான் சித்திக்குப் போன் போடுறேன்" என்றாள் மகள்.

வேண்டாம் என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். எந்த முகத்தோடு சொல்வது?

சித்தி ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் ஆபீசில் வேலையாக இருந்தாள். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "பெட்டி கூவுதா?"

"முதல்ல கூவுச்சு, அம்மா மெமரியை அழுத்தினதும் நின்னுருச்சு. ஆனா ஒண்ணும் தெரியலை."

"நேத்து சாயங்காலம் நல்லா ஓடுச்சே. அதுக்கப்புறம் தொட்டது யாரு?"

மகள் யோசிக்கவே இல்லை. "யாரும் தொடலை சித்தி. நம்ம வீட்டுல அம்மாவைத் தவிர யாரு தொடுவா? அம்மாவும் இப்பத்தான் திறந்தாங்க."

"அப்படின்னா கார்டுதான் போயிருக்கணும். புதுசுல சிலது அப்படிப் போகும். அதைக் கழட்டிட்டுப் பழையபடி ஓட்டு."

"பழையபடின்னா ஆறு மணி நேரம் ஆகும் சித்தி."

"வேற வழி தெரியலைடா கண்ணு."

கண்ணாம். அந்த நேரத்திலும் அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மகள் கீழே உட்கார்ந்து திருப்புளியை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கார்டின் திருகாணியில் வைத்தாள். அம்மா வாயைத் திறக்காவிட்டால் பழி கார்டு மேல் போகும். தங்கச்சி வாங்கிக் கொடுத்த கார்டு மேல். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவளுக்கு இனித்தது. அப்புறம் மகளின் திருப்புளி திருகாணியிலிருந்து இரண்டு தடவை வழுக்கியதைப் பார்த்தாள்.

"நான் தொட்டேன்" என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில. எல்லா வயரையும் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, மெமரியைத் தூக்கிவிட்டேன். அப்புறம் மாட்டினேன். நான்தான்."

போனில் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள், "திரை வயரை எதுல சொருகினே அக்கா? சிவப்புப் புள்ளி வச்ச ஓட்டையிலயா?"

"ஆமா."

"அது பழைய ஓட்டை. இப்பத் திரைக்கு வழி புதுக் கார்டு வழியா. கீழ பாரு, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும், புள்ளி இல்லாம."

பெட்டி ஒன்றேகால் மணி நேரமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அவள் பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்த புள்ளியை நம்பிக் கெட்டாள். வயரை மாற்றிச் சொருகினாள். திரை வெளிச்சமானது. தங்கச்சி வேறெதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மகள் உடனே வேலையில் இறங்கினாள். நாலே முக்காலுக்கு எல்லாப் படங்களும் ஏறி முடிந்தன. நாற்காலியைத் திருப்பினாள்.

"எதுக்கும்மா அப்படிப் பண்ணுனே?"

பொய் ஒன்றிரண்டு வாசலில் வந்து நின்றன. தூசி, வயர் லூசு, இப்படி. எதையும் உள்ளே விடவில்லை. "பொறாமைடி. அவ வந்து மாட்டிக் குடுத்தா, நீ அவ பேரையே சொல்லிக்கிட்டு இருந்தே. எனக்குத் தாங்கலை."

மகள் அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று அம்மா காத்திருந்தாள், வரவில்லை.

"மாட்டினது சித்தி இல்லம்மா."

"பின்னே?"

"நான். சித்தி கையைக் கட்டிக்கிட்டு நின்னா, அவ்வளவுதான். திறந்தது, மாட்டினது, வயர் சொருகினது எல்லாம் நானே. முதல் தடவையிலயே ஓடுச்சு. மார்க் வந்ததும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா, சரியா மாட்டியிருக்கேனான்னு நீ பிரிச்சுப் பார்ப்பே."

பெட்டி இன்னும் வாயைப் பிளந்துகொண்டு தரையில் நின்றது. மூடியும் நாலு திருகாணியும் பக்கத்தில் கிடந்தன. பழக்கதோஷம், அம்மாவின் கை தானாகத் திருப்புளிக்குப் போனது. எடுத்து, மகளிடம் நீட்டினாள்.

மகள் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் திருகாணியைக் கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தாள். அம்மா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.