ஆண்டவர் யாரிடம் சொன்னார்

ரெட்டியார்சத்திரம் ஜெபக்கூட்டத்தில் ஸ்டீபன்ராஜ் கண்களை மூடியபடி சொன்னார்: "வினோலியா இந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னு ஆண்டவர் எனக்குத் தரிசனத்துல காட்டினாரு."

ரயில் இன்ஜின் துணை ஓட்டுநர் வேலைக்கு அவளுக்கு ஆணை வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. குழுவை நடத்தும் ஸ்டீபன்ராஜின் தரிசனத்தை அதுவரை யாரும் மறுத்ததில்லை.

வினோலியா எழுந்தாள். "அண்ணே, நானும் தெனமும் ஜெபம் பண்றேன். என் வேலையப் பத்தி எங்கிட்டச் சொல்லாம உங்ககிட்ட ஏன் சொன்னாரு?"

"உன் காது இன்னும் தொறக்கலம்மா."

பின்வரிசையிலிருந்து அவள் தாய் ஜெயமேரி எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

"தம்பி, மூணு வருசமா இதுக்காகத்தான் முழங்கால்ல நின்னேன். குடுத்தாரு. எனக்குக் குடுத்துட்டு, உங்ககிட்ட வந்து வேணாம்னு சொல்றவரு இல்ல அவரு."

"ஆமென்" என்றது பெண்கள் பக்கம். ஆண்களும் சொன்னார்கள். ஸ்டீபன்ராஜ் வேதப் புத்தகத்தைப் புரட்டினார்.

பயிற்சி முடிந்து வினோலியா ஏறிய முதல் ரயில் திண்டுக்கல் சந்திப்பிலிருந்து மதுரைப் பக்கம் நகர்ந்தது. நடைமேடையில் நின்ற ஜெயமேரி, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள்: "இன்ஜின்ல இருக்கிறது எம் மக."