கலந்தர் மாமாவின் கிட்டங்கியில் சாகாத சங்குகள்

1
இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது. இந்த 1968இல், மாத்தளையில், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான றம்லா, அதாவது நான், செய்தது.

ரிவர்ஸ்டன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

(வெட்டிவிட்டேன். சங்குக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?)

2
மறுபடி. மன்னார்க் கடலில் முக்குளித்தெடுக்கும் சங்குகளைக் கலந்தர் மாமா மூட்டையாக வாங்கிவந்து கோயில்களுக்கு விற்பார். கடலையே கண்டிராத நான் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் அறுநூறு சங்கை அளந்தேன். சங்கு எப்படி வளர்கிறது, எந்த அளவில் சாகிறது என்று வரைபடத் தாளில் கோடு கீறினேன். நாலு அங்குலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த அளவில் எல்லாம் செத்துவிடுகின்றன என்று அறிக்கை எழுதினேன். கொழும்பில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு அந்த அறிக்கைதான் என் விண்ணப்பம்.* நேற்று மூன்று மணித் தபால்தான் கடைசி.

*வேறு வேலை இல்லையா என்கிறீர்களா? டீச்சர் வேலைக்குக்கூட எம்.பி.யின் கடிதம் கேட்கிறார்கள். போங்கள்!

3
மஸூதா, மாமாவின் மகள். முதல் பிரதியில் அவளைத் தேநீர் கொண்டுவரும் அப்பாவியாக எழுதியிருந்தேன். வெட்கங்கெட்ட பொய். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கிட்டங்கிச் சாவி அவள் இடுப்பில்.

நேற்றுக் காலை என் வரைபடக் கோட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மச்சி, பெரிய சங்கெல்லாம் மவுத்தாப் போச்சா?"

"ஓ. அளந்துதானே பாத்தேன்."

"ஒனக்குப் பைத்தியமா? பெருச மன்னார்லயே கல்கத்தாக்காரங்க அள்ளிட்டுப் போறாங்க, வளையல் அறுக்க. சின்னது அளவுப்பலகை ஓட்டைக்குள்ள விழுந்தா திருப்பிக் கடல்ல போடணும். நடுவுல மிஞ்சுறதுதான் எங்க வாப்பாட மூட்ட."

"இத ஏன்டி முன்னாடியே சொல்லல்ல?"

"நீ கேட்டியா? பெரிய பட்டதாரி!"

4
அழுதேன் என்று எழுதவா? இல்லை, குதித்தேன்! அறுநூறு சங்கை அளந்து நான் கண்டுபிடித்தது கல்கத்தா வியாபாரியின் விருப்பத்தை! மஸூதாவைப் பிடித்துச் சுற்றினேன்.

"விடுடி, சாவி விழுது!"

5
முடிவு அ: பழைய அறிக்கையையே அனுப்புகிறேன். கோடு அழகு. யாருக்கும் தெரியாது. வேலை

முடிவு ஆ: கிழித்தெறிந்துவிட்டு

இரண்டும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். கோட்டைக் குறுக்கே அடித்தேன். 'இறப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி எழுதினேன்: "தெரியாது. யாரும் பொறுக்கிப் பிரிக்காத சங்கை அளக்க எங்களை மன்னார்ப் படகில் ஏற்றுங்கள், சொல்கிறோம்." கீழே இரண்டு பெயர்: றம்லா, மஸூதா. தபாலில் சேர்த்தாயிற்று.

அந்தப் படகில் பெண்களை ஏற்றுவதில்லையாம். தெரியும்.

கொழும்பில் வேலைக்கு ஆள் தெரிவுசெய்யும் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிரிப்பார்கள். வாசகரே, நடு நாற்காலி உங்களுக்கு. பேனாவை எடுங்கள். எங்கள் இரண்டு பெயர்களுக்கு நேரே உங்கள் முடிவை எழுதுங்கள். சீக்கிரம்! நாங்கள் பையைக் கட்டிவிட்டோம்.