ஓரம் முடியாத வெள்ளை உடை

...ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்வதால் நாக்கு தேய்ந்தா போய்விடும், சபையில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் சொல்லத்தான் போகிறார்கள், பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது, மீதிப் பேருக்கு அர்த்தம் தெரிந்தாலும் கவலை கிடையாது, இவளுக்கு மட்டும் என்ன வந்தது... ஊசியை ஏற்றி இறக்கி, வெளியே தெரியாதபடி ஒற்றை இழையை மட்டும் கவ்வி, அம்மா தன் மகளுடைய வெள்ளை உடையின் கீழோரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினில் ஓட்டினால் நொடியில் முடிந்துவிடும், ஆனால் வெள்ளைத் துணியில் மிஷின் தையல் தண்டவாளம் மாதிரித் தெரியும், அதுவும் இன்றைக்குப் பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை, பெண்பிள்ளைகள் வெள்ளை உடுத்தி ஜோடி ஜோடியாகப் பீடத்துக்கு நடந்துபோய் முழங்கால் படியிட வேண்டும், அவர் 'விசுவாசிக்கிறாயா?' என்று கேட்பார், 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், தலையில் கை வைப்பார், முடிந்தது விஷயம். சபைப் பிள்ளைகளின் உடைகளையெல்லாம் இவள்தான் தைத்தாள், எல்லாம் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டன, சொந்த மகளுடையது மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மடியில் கிடக்கிறது, தையற்காரி வீட்டில் பிறந்தால் அப்படித்தான். உடை தயாராகிவிடும். உடைக்குள் போக வேண்டியவள்தான் நேற்றுச் சாயங்காலம் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

அதற்கு அவள் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர், சும்மா வைக்கவில்லை. அளவு பார்க்க ஸ்டூல் மேல் நிறுத்திவைத்து, அம்மா கீழே உட்கார்ந்து ஓரத்துக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருக்கிறாள், வாயில் ஒரு வரிசை குண்டூசி, அப்போது பார்த்து மேலேயிருந்து, "அம்மா, நாளைக்கு அவர் கேக்கும்போது நான் விசுவாசிக்கிறேன்னு சொல்ல மாட்டேன்." வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போகும். ம்ம்ம் என்று மட்டும் சொல்ல முடிந்தது, அந்த ம்ம்மில் அம்மா ஒரு முழுப் பிரசங்கத்தை அடைக்கப் பார்த்தாள். "நம்பலன்னு சொல்லலம்மா. தெரியலன்னு சொல்றேன். தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது? வரிசையில நிக்கறேன், டிரஸ் போட்டுக்கறேன், நீ கஷ்டப்பட்டுத் தச்சிருக்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது." ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போடுவதற்குள் வக்கீல் ஸ்டூலிலிருந்து இறங்கி, உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டாள். சாப்பாட்டு மேஜையில் அப்பா இருந்தார், அவர் முன்னால் பேச முடியாது. அவருக்குத் தெரிந்தால்...

அவருக்கு இன்னும் தெரியாது. அவர் குளியலறையில் இருக்கிறார், தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்கிறது, "எங்கள் எளிய அழைப்பை ஏற்று எழுந்தருளியிருக்கும் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பேராயர் அவர்களே..." சபைச் செயலாளர் அல்லவா, வரவேற்புரை அவருடையது, ஒரு வாரமாகச் சோப்பும் சீப்பும்கூட 'அவர்களே' ஆகிவிட்டன. கதவைக் கொஞ்சம் திறந்து ஈரத் தலையை நீட்டி, "ஏம்மா, பேருவகை நல்லாருக்கா, பெருமகிழ்ச்சி நல்லாருக்கா?" என்று கேட்டார். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ரெண்டையும் சொல்லுங்க, எது பிடிக்குதோ அவர் எடுத்துக்கட்டும்" என்றாள். அவர் அதை ஒரு யோசனையாகவே ஏற்றுக்கொண்டு கதவைச் சாத்தினார். இந்த மனிதர் இத்தனை சொல்லுக்கு நடுவில் நிற்கிறார், இவருக்குப் பிறந்ததற்கு ஒரு சொல் வரவில்லை. நல்ல பங்கீடு.

சொல்ல வைக்கத்தான் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. உடையைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டு, 'வாயை மூடிக்கிட்டு சொல்லு' என்று... வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது, சரி, 'வாதாடாமல் சொல்லு' என்று. அழுதும் பார்க்கலாம், அழுதால் அவள் கரைவாள், ஆனால் அது கள்ள ஆட்டம். அல்லது, 'இப்போ சொல்லு, அப்புறம் நிதானமா நம்பிக்கோ' என்று சொல்லலாம், அளவு எடுப்பதற்கு முன்னால் துணியை வெட்டுகிற மாதிரி... இந்த உவமையை நான் ஏன் நினைத்தேன், எனக்கே எதிராகப் போகிறதே. போன வருஷம் அவளாக வந்து கேட்டாள், 'கடவுள் இருக்கார்னு உனக்கு எப்படித் தெரியும்' என்று, அன்றைக்கு ஒரு கல்யாண ரவிக்கை அவசரம், 'போய்ப் படி, எல்லாம் வேதத்துல இருக்கு' என்று சொல்லி அனுப்பினேன். போய்ப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாளோ என்னவோ.

ஆறாம் வகுப்பில் கணக்கு வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பெஞ்சுக்காரியைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாளே, விடை சரி, வழி ஒன்றும் தெரியவில்லை, அந்தத் தாளைக் கிழித்தது யார்? 'தெரியலன்னா தெரியலன்னு எழுது, முட்டை வாங்கிட்டு வா, பரவாயில்ல, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதே.' அப்படியே எழுதினாள், அப்படியே முட்டை வாங்கினாள், அந்த முட்டைக்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள். 'நீதானேம்மா சொன்ன' என்று அன்றைக்கு நின்ற நிற்பு. அதற்குப் பிறகு அவள் பொய் சொன்னதாக ஞாபகமே இல்லை, உடைத்தால் உடைத்தேன் என்பாள், பக்கத்து வீட்டம்மா 'நான் குண்டாயிட்டேனாடி' என்று ஆசையாகக் கேட்டதற்கும் ஆமாம் என்று சொல்லி வைத்தாள், பெருமையாகத்தான் இருந்தது, அந்தம்மா ஒரு மாசம் பேசாததையும் சேர்த்து. அந்தப் பெருமை இப்போது எங்கே போயிற்று? பேராயர் வருகிறார் என்றதும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேனா?

சரி, நீ சொன்னாயே, உனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டார்களா... அம்மாவுடைய திடப்படுத்தல் அன்றைக்குச் சித்தி மகளின் உடை, இரவல், அக்குளில் பிடித்தது. முழங்கால் படியிடும்போது தையல் விட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே 'விசுவாசிக்கிறேன்' என்றாள், தையல் பிழைத்தது, அந்த நன்றியில் கண்ணீர்கூட வந்தது, 'பிள்ளைக்கு என்ன பக்தி' என்று போதகரம்மா அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு இவளே தாயாகி இந்த வக்கீலைக் கையில் வைத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு நின்றபோது, குழந்தைக்குப் பதிலாகப் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும், ஞானத்தாயாக நிற்க வேண்டிய நாத்தனார் புதுச் செருப்பு கடித்து வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள், செயலாளர் அப்போது செயலாளர் இல்லை, பேச்சு வராமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார், ஆக 'விசுவாசிக்கிறாயா' என்பதற்குப் பிள்ளைக்காக இவள் ஒருத்திதான் உரக்கச் சொன்னாள். சொல்லும்போது மனசு எங்கே இருந்தது? பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிட்டது, போட்டோவில் தெரியுமா என்பதில் இருந்தது. இரண்டு தடவையும் வாய் சபையில், மனசு துணியில். தையற்காரியின் விசுவாசம்.

அப்படியானால் உண்மையிலேயே எப்போது? ஒரு தடவை. பிள்ளைக்கு நாலு வயசு, ஜுரம் ஏறி வலிப்பு வந்து, கண் மேலே செருகி, அள்ளிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கதவு சாத்தின பிறகு, ஜெபமா அது, ஜெபத்துக்கு உண்டான ஒரு சொல்லும் அதில் இல்லை, 'எடுத்துப் பாரு... எடுத்துத்தான் பாரேன், அப்புறம் உன்னை என்ன பண்றேன்னு பாரு' என்று சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள், கூட்டித் துடைக்கிற அம்மாள் நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டாள். அன்றைக்கு எதிரில் ஒருத்தர் இருந்தார். இல்லாத ஒருத்தரிடம் அப்படிச் சண்டை போட முடியாது. யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் தலையில் கை வைக்கவில்லை, வெள்ளை உடுத்தவில்லை, நைட்டி மேல் ஒரு துண்டு. அதை இவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, செயலாளரிடம்கூட. சொன்னால் சாட்சி சொல்ல மேடையேற்றிவிடுவார், முன்னால் ஒரு 'அவர்களே' போட்டு.

ஊசி நின்றுவிட்டிருந்தது. இன்னும் ஒரு சாண் ஓரம் பாக்கி. அம்மா ஊசியை அப்படியே துணியில் குத்தி, உடையைக் கையில் போட்டுக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். வக்கீல் தலை வாரிக்கொண்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது, அது எதிர்பார்க்காதது, இத்தனை நேரம் அந்தப் பக்கத்தில் கல்லு மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லணும்னா சொல்லிடறேன்மா" என்று கண்ணாடியைப் பார்த்தே மகள் சொன்னாள், "அப்பாவுக்கு அசிங்கமாயிடும். நைட்டெல்லாம் யோசிச்சேன். நீ சொல்லுன்னு சொல்லு, சொல்லிடறேன்." இதோ கையில் வந்து விழுந்துவிட்டது, ஒரே ஒரு தலையசைப்பு போதும். அம்மா வாயில் இப்போது ஊசியும் இல்லை. "அந்த நீலச் சட்டை எங்க?" என்று கேட்டாள். "எது?" "காலர் வச்சது. இஸ்திரி போட்டுத் தரேன், அதைப் போட்டுக்க. இது வேணாம்." "அம்மா..." "மூக்கைச் சிந்து முதல்ல. கோயிலுக்கு வரணும், என் பக்கத்துல உக்காரணும், அதுல வாதாடக் கூடாது. அந்த வரிசைக்கு இன்னிக்குப் போக வேணாம். அப்பாகிட்டயும் போதகர்கிட்டயும் நான் பேசிக்கறேன்."

அப்பா டை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் கை முடிச்சிலேயே நின்றது. "பேராயர் வர்ற அன்னைக்கா?" முதல் கேள்வி அதுதான், தேதிதான் தப்பு என்கிற மாதிரி. "செயலாளர் பொண்ணு! மேடையில நான் நிக்கறேன், கீழே என் பொண்ணு நீலச் சட்டையில உக்காந்திருக்கா! ஜனங்க என்ன பேசுவாங்க?" "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவங்களுக்கு எங்கங்க பேச நேரம் கிடைக்கும்?" என்றாள். அவர் முறைத்தார். பிறகு குரலை இறக்கி, "பயப்படுறாளா? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா அவளை?" என்று கேட்டார், டை பாதிக் கழுத்தில் தொங்க, 'அவர்களே' எதுவும் இல்லாத குரல், அந்தக் குரலுக்குத்தானே ஒரு காலத்தில்... சரி, அது இப்போது எதற்கு. "பொய் சொல்ல பயப்படுறா. நாமதான் வளத்தோம், வேற யாரைச் சொல்றது?" முடிச்சை இவளே இழுத்துச் சரிசெய்தாள்.

போதகர் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஆத்துமாவைப் பற்றிக் கேட்பார், நித்தியத்தைப் பற்றிக் கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு போனாள். அவர் வெளிறிப்போய், "ஜோடி உடையுதே அம்மா!" என்றார். ரெண்டு ரெண்டு பேராக நடக்க ஒத்திகை பார்த்தாயிற்றாம், ஒன்று குறைந்தால் கடைசிப் பெண் ஒற்றையில் நிற்பாளாம், போட்டோக்காரர் வேறு வந்துவிட்டாராம். "தனியா நடக்கட்டும் ஐயா. டிரஸ் நான் தச்சது, தனியா நடந்தாலும் நல்லாத்தான் இருக்கும்." "பிள்ளை மறுக்குதா?" "இல்லிங்கய்யா. தெரியலங்குது. தெரியட்டும், அதுவரைக்கும் நான் அவளுக்காகச் சொன்னதே இருக்கட்டும்." எங்கேயிருந்து வந்தது இந்தப் பேச்சு, தயார் பண்ணினதில் இது இல்லையே. போதகர் அங்கியின் பித்தானைத் தவறான துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "அடுத்த வருஷம்னு வச்சுக்கலாம்" என்றபோது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி, அடுத்த வருஷம் என்பதற்குள் எதையும் போட்டுவைக்கலாம் போலிருக்கிறது.

ஆக இப்போது மூன்றாவது வரிசையில் அம்மாவும் மகளும். வரவேற்புரையில் பேருவகையும் வந்தது, பெருமகிழ்ச்சியும் வந்தது, நடுவில் ஒரு தரம் செயலாளரின் கண் நீலச் சட்டையில் பட்டு ஒரு 'அவர்களே' தவறிப்போனது, யாரும் கவனிக்கவில்லை. வெள்ளை உடைகள் நடந்து போயின, கடைசிப் பெண் தனியாகத்தான் போனாள், நன்றாகவே போனாள், எந்த ஓரமும் தொங்கவில்லை. 'விசுவாசிக்கிறேன்' என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னபோது அம்மா மகள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்து வரிசை அத்தைமார்கள்தான் இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும், கழுத்து அவர்களுடையது. பிறகு எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள், அப்போதுதான் அது கேட்டது. இவள் பாடுகிறாள். வக்கீல். முணுமுணுப்பாக இல்லை, வாய் நிறைய, நெஞ்சைத் திறந்து, முன்வரிசைக்காரர் திரும்புகிற அளவுக்கு, 'உம்மையே நம்பினேன்' என்கிற அடியில் மற்ற எல்லோரையும்விட ஒரு படி மேலே ஏறி நின்று. ராகம் நன்றாக இருக்கிறது என்று பாடுகிறாளா, இல்லை... சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வர மறுத்தவள், இங்கே யாரும் கேட்காமலே இப்படி... கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. கேட்டால் நிறுத்திவிடுவாள். கேட்கப் போவதில்லை, அதில் அம்மா உறுதியாக இருந்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள், அப்போதுதான் தன் உதடு இவ்வளவு நேரமும் மூடியேதான் இருந்தது என்பது தெரிந்தது, இன்றைக்கு மட்டுமா, எத்தனை ஞாயிறாக... மகள் பாடிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள், புருவம் லேசாக ஏறியது. அந்தப் புருவம் தெரிந்த புருவம். பாட்டு முடிந்ததும் அவள் கேட்பாள், விடமாட்டாள். அம்மா புத்தகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, இன்னும் எத்தனை சரணம் பாக்கி இருக்கிறது என்று பார்த்தாள்.